கனவும் கணக்கும்

பிள்ளைகள் பதினாலு வயதை எட்டும் வீடுகளில் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அந்தக் கேள்வி எழுந்தே தீரும். "பெரியவனானதும் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று தகப்பனார் கேட்பார். டாக்டர் என்றோ என்ஜினீயர் என்றோ பதில் வருமென்று அவர் எதிர்பார்த்திருப்பார். பையனோ சிறிதும் தயங்காமல், "இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடப் போகிறேன், அப்பா" என்பான். அடுத்த வீட்டுப் பெண் பாட்மின்டன் என்பாள். எதிர் வீட்டுச் சிறுமி சதுரங்கம் என்பாள்.

இந்தப் பதிலைக் கேட்ட மாத்திரத்தில் பெற்றோர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். முதற் கட்சியார், "விளையாட்டு சோறு போடுமா?" என்று ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிட்டு மறுபடியும் பத்திரிகையில் ஆழ்ந்து போவார்கள். இரண்டாவது கட்சியார் மறு நாளே கடைக்குப் போய் மட்டை, கையுறை, தலைக் கவசம் எல்லாவற்றையும் உயர்ந்த விலையில் வாங்கி வருவார்கள். பையன் முதல் பந்தை அடிப்பதற்கு முன்பே, அவன் படம் போட்ட விளம்பரப் பலகையை அண்ணா சாலையில் மனக்கண்ணால் கண்டு களிப்பார்கள்.

முன்னவர்கள் கண்டிப்பானவர்கள் என்றும், பின்னவர்கள் அன்பானவர்கள் என்றும் ஊரார் சொல்வதுண்டு. யோசித்துப் பார்த்தால் இரண்டு கட்சியாரும் ஒரே சிரமத்திலிருந்துதான் தப்பித்துக் கொள்கிறார்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய ஆசையை அவனோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கும் சிரமம் அது. கனவு காண்பதற்குப் பிள்ளைக்குப் பூரண உரிமை உண்டு. அந்தக் கனவுக்குக் கணக்கு வைத்துக் கொடுப்பது பெரியவர்களின் கடமை. இந்தக் கடமையை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சோறு போடுமா?

முதலில் அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொல்லி விடலாம். விளையாட்டு சோறு போட்ட கதை நம் நாட்டில் புதிதல்ல. ஹாக்கி ஆட்டத்தில் உலகத்தையே பிரமிக்க வைத்த தியான் சந்த் 1922-இல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1928-இல் ஆம்ஸ்டர்டாம், 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1936-இல் பெர்லின் ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் நாட்டுக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தார். 1956-இல் மேஜர் பதவியில் ஓய்வு பெற்றார். ஆட்டம் அவருக்குப் புகழைத் தந்தது. உத்தியோகம் அவருக்கு அன்னம் தந்தது. அவருக்குப் பின் வந்த எத்தனையோ ஆட்டக்காரர்களுக்கும் ரயில்வே, போலீஸ், பாங்கு, பட்டாளம் முதலிய இடங்கள் அதே வகையில் கை கொடுத்திருக்கின்றன.

நம் சேலம் ஜில்லாவிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது பஸ் ஏறி வலக்காலை நசுக்கி விட்டது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எதற்கப்பா உயரத் தாண்டுதல்?" என்று கேட்பதுதான் உலக வழக்கம். ஆனால் பள்ளிக்கூடத்துத் தேகப் பயிற்சி ஆசிரியர் அப்படிக் கேட்கவில்லை. "தாண்டிப் பார்" என்றார். 2016-இல் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் பந்தயத்தில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். டோக்கியோ பந்தயத்தில் வெள்ளியும், 2024-இல் பாரிஸ் பந்தயத்தில் வெண்கலமும் அவருக்குக் கிடைத்தன.

அந்த ஆசிரியருக்கு அவ்வளவு தூரம் தெரிந்திருக்க நியாயமில்லை. ரியோ நகரத்தைப் பற்றியா அவர் யோசித்திருப்பார்? ஒரு பிள்ளைக்கு அன்றைய தினம் வேண்டியிருந்த ஒரு வார்த்தையைச் சொன்னார், அவ்வளவுதான். தேகப் பயிற்சி வகுப்பைப் பிடுங்கிக் கணக்கு வகுப்புக்குக் கொடுக்கும் பள்ளிக்கூடங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அங்கே எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல் போகிறதோ, யார் கண்டார்கள்?

எண்கள் பேசட்டும்

முதற் கட்சியாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகி விட்டது. இனி இரண்டாவது கட்சியார் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை 1932 ஜூன் மாதத்தில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது. அன்று முதல் 2024 வரை, தொண்ணூற்றிரண்டு வருஷ காலத்தில், ஆண்களின் டெஸ்ட் பந்தயங்களில் இந்தியாவுக்காக ஆடியவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். சராசரியாகப் பார்த்தால் வருஷத்துக்கு மூன்று பேர், கொஞ்சம் கூட. தமிழ்நாட்டில் மாத்திரம் வருஷந்தோறும் ஏழரை லட்சம் முதல் எட்டு லட்சம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறார்கள். தேசம் முழுவதற்கும் வருஷத்துக்கு மூன்று நாற்காலி; நம் ராஜ்யத்தில் மாத்திரம் எட்டு லட்சம் பிள்ளைகள்! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பையனிடம் காட்டுங்கள். அவன் அழ மாட்டான். பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட மனோதிடம் அதிகம்.

"டெஸ்ட் பந்தயம் போகட்டும், ஐ.பி.எல். இருக்கிறதே!" என்று சிலர் சொல்லக் கூடும். அங்கே பத்துக் கட்சிகள். ஒரு கட்சியில் அதிகமாகப் போனால் இருபத்தைந்து பேர்; அதில் எட்டுப் பேர் வரை வெளிநாட்டார் இருக்கலாம். ஆகவே எல்லா இடமும் நிரம்பினாலும் மொத்தம் இருநூற்றைம்பது பேர்தான். அவர்களிலும் பலர் பருவம் முழுவதும் மைதானத்துக்கு வெளியே, தண்ணீர் போத்தலோடு காத்திருப்பவர்கள். ஏலத்தில் பல கோடி ரூபாய்க்குப் போனவரின் பெயர் மறு நாள் கொட்டை எழுத்தில் வருகிறது. ஏலத்தில் யாரும் கேட்காமல் போனவர்களின் ஜாபிதா அதைவிட நீளமானது. அதை யாரும் முகப்புப் பக்கத்தில் போடுவதில்லை.

திறமை இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம். 2008-இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களின் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தது. அந்தக் கட்சிக்குத் தலைவர் விராட் கோலி. அவர் பிற்பாடு என்ன ஆனார் என்பதைக் கைக்குழந்தை கூடச் சொல்லும். ஆனால் அந்தப் போட்டியில் எல்லா நாட்டாரிலும் அதிகமாக ரன் எடுத்தவர் கோலி அல்ல. அதே கட்சியில் ஆடிய தன்மய் ஸ்ரீவாஸ்தவா. அவர் எடுத்தது 262 ரன். பெரியவர்களின் இந்தியக் கட்சியில் அவருக்கு ஒரு பந்தயம் கூடக் கிடைக்கவில்லை. 2012-இல் அதே கோப்பையின் இறுதிப் பந்தயத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 111 ரன் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் கட்சித் தலைவர் உன்முக்த் சந்த். அவருக்கும் அந்த அழைப்பு வரவில்லை. 2021-இல் இந்திய ஆட்டத்திலிருந்து விலகி அமெரிக்காவுக்குப் போய் ஆடலானார்.

இவர்கள் சோம்பேறிகளா? திறமையற்றவர்களா? உலகக் கோப்பையையே கையில் ஏந்தியவர்கள்! இத்தனை தூரம் வந்தவர்களுக்கே கடைசிக் கதவு திறக்காமல் போகலாம் என்றால், தெருமுனை மைதானத்தில் அரை சதம் அடித்த பிள்ளையைப் பற்றி அளவுக்கு மேல் கோட்டை கட்டாமலிருப்பது விவேகம். தன்மய் ஸ்ரீவாஸ்தவாவின் கதை அங்கேயே முடிந்து விடவில்லை. அவரிடம் பிறகு திரும்பி வருவோம்.

"குகேஷ் மட்டும் படித்தாரா?"

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் சதுரங்க உலக சாம்பியன் ஆனார். அவர் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழு நேரப் பள்ளிப் படிப்பைத் தொடரவில்லை. டாக்டரான தகப்பனார் தம் தொழிலை நிறுத்தி விட்டுப் பிள்ளையோடு ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். தாயாரின் சம்பாத்தியத்தில் குடும்பம் நடந்தது. "அவர்கள் துணிந்தார்கள், ஜெயித்தார்கள், நாங்கள் துணியக் கூடாதா?" என்று பெற்றோர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

துணியலாம். ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு துணியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சதுரங்கத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு தர எண் உண்டு. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். தாய் தந்தையின் பாசத்துக்கு அந்த எண் மசியாது. குகேஷ் 2019-இல், பன்னிரண்டரை வயது கடந்த சில வாரங்களில், கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று விட்டார். உலகத்திலேயே அந்த வயதில் அந்தப் பட்டம் பெற்றவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். அந்த வீட்டார் செய்த தியாகத்துக்கு ஒவ்வொரு வருஷமும் ஓர் அத்தாட்சி கிடைத்துக் கொண்டே வந்தது. அத்தாட்சி கிடைத்ததால் அடுத்த அடி எடுத்து வைத்தார்கள்.

மற்றொன்றும் நினைவிருக்க வேண்டும். இதே மாதிரி தொழிலை விட்டு, படிப்பை விட்டு, சொத்தை விற்றுத் துணிந்த வேறு குடும்பங்களும் உண்டு. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஜெயித்தவரின் பேட்டி மட்டுமே பத்திரிகையில் வருவதால், துணிந்தவர்கள் எல்லாரும் ஜெயித்தார்கள் போல் நமக்குத் தோன்றுகிறது. பரிசுச் சீட்டு வாங்கிப் பணக்காரன் ஆனவனை மட்டும் பார்த்து விட்டு வீட்டை விற்றுச் சீட்டு வாங்குகிறவனை நாம் புத்திசாலி என்று சொல்வோமா?

பன்னிரண்டு வயதில் தீர்ப்பு வேண்டாம்

கணக்கு வேண்டும் என்று சொன்னதால், ஆரம்பத்திலேயே கணக்கை முடித்து விடலாம் என்று அர்த்தமில்லை. பன்னிரண்டு வயதில் ஜில்லாக் கட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளை, "எனக்குத் திறமையில்லை" என்று மூலையில் உட்கார்ந்து விடுவது மகா தவறு.

கானடா தேசத்தில் 1980-களில் ஐஸ் ஹாக்கி ஆடும் வாலிபர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்து பார்த்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். வருஷக் கடைசியில் பிறந்தவர்கள் சொற்பம். கிரக பலனா என்றால், இல்லை. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது. ஜனவரியில் பிறந்த பையன் டிசம்பரில் பிறந்த பையனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். உயரத்திலும் பலத்திலும் ஒரு படி கூட. தேர்வாளர்கள் வளர்ச்சியைப் பார்த்துத் திறமை என்று நினைத்துக் கொண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி கிடைத்தது. அதனால் அவன் உண்மையிலேயே தேறினான். மற்றவன் வீட்டுக்குப் போனான். வேறு பல நாடுகளிலும் வேறு பல ஆட்டங்களிலும் பிற்பாடு இதே விஷயம் தெரிய வந்திருக்கிறது.

சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் விசைத்தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த டி. நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். 2015-இல் தமிழ்நாட்டுக் கட்சிக்கு வந்ததுமே, அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற சந்தேகம் கிளம்பிற்று. முறையைத் திருத்திக் கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்தியாவுக்காக அவர் ஆடியது 2020 டிசம்பரில், இருபத்தொன்பதாம் வயதில். ஈட்டி எறிந்து டோக்கியோவில் தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவை, சிறு வயதில் உடம்பு பருத்திருந்ததால் எடை குறையட்டும் என்றுதான் வீட்டார் உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் ஈட்டி எறிவோரைக் கண்டார், ஆசை பிறந்தது. நமது அஸ்வின் இளமையில் முதலில் இறங்கி மட்டை பிடித்தவர். பிற்பாடுதான் சுழற்பந்து வீச்சாளர் ஆனார்.

ஆகவே பிள்ளை பல ஆட்டங்களையும் ஆடிப் பார்க்கட்டும். எட்டு வயதிலேயே ஒரே ஆட்டத்தில் கட்டிப் போட்டு, விடியற்காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் என்று வறுத்தெடுப்பது புத்திசாலித்தனமல்ல. குழந்தை எத்தனை வயதோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரு வாரத்தில் பயிற்சி கொடுக்க வேண்டாம் என்பது விளையாட்டு வைத்தியர்கள் சொல்லும் யோசனை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் பன்னிரண்டு மணி. எலும்பு முற்றாத வயதில் ஓயாமல் வேகப் பந்து வீசும் பிள்ளைகளுக்கு முதுகெலும்பில் விரிசல் காண்பது உண்டு. லட்சியத்தை அடையும் முன்பே முதுகை ஒடித்து விட்டால் லட்சியம் யாருக்கு?

பொய் வயது

ஆசை அளவு மீறும்போது செய்யும் காரியங்களில் எல்லாவற்றிலும் கேவலமானது ஒன்று உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பதினாலு என்று சான்றிதழ் வாங்கி வருவது. இது அபூர்வமாக நடக்கும் காரியமாக இருந்தால் கிரிக்கெட் நிர்வாகத்தார் பிள்ளைகளின் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதை நிர்ணயிக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டிராது. 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ராகுல் டிராவிட் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். வயது மறைத்தவனால் இடமிழந்த நேர்மையான பிள்ளை மனம் கசந்து ஆட்டத்தையே விட்டுப் போய்விடக் கூடும் என்பதையும் எடுத்துக் காட்டினார்.

அவர் சொன்னது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நேரும் நஷ்டம். சொந்தப் பிள்ளைக்கு நேரும் நஷ்டத்தையும் நினைத்துப் பாருங்கள். தன்னைவிடச் சிறியவர்களை ஜெயித்து வாங்கிய கோப்பை ஒரு நாள் பயனற்றுப் போகும். சம வயதினரோடு மோதும்போது சாயம் வெளுத்து விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், "நீ உண்மையில் இருக்கிறபடி இருந்தால் போதாது" என்று பெற்ற தகப்பனே சொல்லி விட்டதுதான்.

இரண்டாவது பாதை

இனி, படிப்பைப் பற்றி. "படிப்பா, ஆட்டமா? இரண்டில் ஒன்று" என்று கேட்பவர்கள் நம் ஊர் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். எஸ். வெங்கடராகவன் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். ஐம்பத்தேழு டெஸ்ட் பந்தயங்களில் ஆடினார். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியக் கட்சிக்குத் தலைமை வகித்தார். ஸ்ரீகாந்தும் அதே கல்லூரிதான். பெங்களூரில் என்ஜினீயரிங் படித்த அனில் கும்ப்ளே டெஸ்ட் பந்தயங்களில் 619 விக்கெட் எடுத்தார்; சென்னையில் தகவல் தொழில் நுட்பம் படித்த அஸ்வின் 537 விக்கெட் எடுத்து 2024-இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இவர்கள் யாருக்கும் பரீட்சை பந்து வீச்சைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

வெங்கடராகவன் ஆட்டத்தை நிறுத்திய பிறகு என்ன செய்தார்? நடுவர் ஆனார். எழுபத்து மூன்று டெஸ்ட் பந்தயங்களுக்கு நடுவராக நின்றார்; ஆடியதைவிட அதிகமான பந்தயங்கள்! முன்னே சொன்ன தன்மய் ஸ்ரீவாஸ்தவாவும் அதே பாதையில்தான் போயிருக்கிறார். 2025-இல் அவர் ஐ.பி.எல். பந்தயத்தில் நடுவராக இறங்கினார். பத்தொன்பது வயதில் தம் தலைமையில் ஆட வைத்த விராட் கோலி அந்தப் போட்டியில் இன்னும் மட்டை பிடித்துக் கொண்டிருந்தார். இதைப் பரிதாபம் என்று யாராவது நினைத்தால் நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். சிறு வயதில் எந்த மைதானத்தின் மேல் ஆசை வைத்தாரோ, அந்த மைதானத்தின் நடுவிலேயே நிற்கிறார்.

பி. டி. உஷாவின் கதை எல்லாருக்கும் தெரியும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், விநாடியில் நூறில் ஒரு பங்கால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இராது அது! அந்த ஏக்கத்தோடு அவர் வீட்டில் உட்கார்ந்து விடவில்லை. கேரளத்தில் பெண்களுக்கென்று ஓட்டப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற டின்டு லூக்கா 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரை இறுதிப் பந்தயம் வரை ஓடினார். உஷா 2022-இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் ஆனார்.

ஆட்டத்தைச் சுற்றி வேறு எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. பயிற்சியாளர், தேகப் பயிற்சி ஆசிரியர், காயம் ஆற்றும் உடலியக்க வைத்தியர், ஆட்டக் கணக்கை ஆராய்கிறவர், மைதானத்தைப் பராமரிக்கிறவர், பத்திரிகையில் எழுதுகிறவர். சென்னை நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிக் கல்லூரி 1920-இல் ஏற்பட்டது. பயிற்சியாளர்களைத் தயார் செய்யும் பாட்டியாலா தேசிய ஸ்தாபனம் 1961-இல் ஏற்பட்டது. இந்தப் பாதைகளில் நுழைவதற்கெல்லாம் ஒரு சீட்டு வேண்டும். அந்தச் சீட்டின் பெயர் பள்ளிப் படிப்பு. அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்பையாவது முடிக்கும்படி வற்புறுத்துகிறோம். ஆசையில் நம்பிக்கையில்லாத பேச்சு என்று பிள்ளைகள் இதை நினைக்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

இத்தனையும் சொன்ன பிறகு, "சரி, எங்கள் வீட்டில் நாங்கள் என்ன செய்வது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளையோடு ஓர் ஒப்பந்தம் செய்து கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. ஸ்டாம்புக் காகிதம் வேண்டாம். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் போதும்.

முதலாவது, காலம். ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒப்பந்தம். வருஷ முடிவில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது. தொடரலாமா என்று தீர்மானிப்பது. "வாழ்நாள் முழுவதும் கிரிக்கெட்" என்று பதினாலு வயதில் யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்; "இனி மட்டையைத் தொடவே கூடாது" என்று நாற்பது வயதிலும் யாரும் சத்தியம் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, அளவுகோல். ஓட்டத்துக்குக் கடிகாரம் இருக்கிறது. தாண்டுதலுக்கு அளவு நாடா இருக்கிறது. சதுரங்கத்துக்குத் தர எண் இருக்கிறது. கிரிக்கெட், கால்பந்து போன்றவற்றில் பள்ளி, ஜில்லா, ராஜ்யம் என்ற படிகள் இருக்கின்றன. போன வருஷத்தைவிட இந்த வருஷம் எவ்வளவு முன்னேற்றம் என்பதைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். மாமா சொன்ன பாராட்டையும், கட்டணம் வாங்கும் பயிற்சிக் கூடத்தார் சொன்ன பாராட்டையும் இந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது.

மூன்றாவது, பணம். குடும்பம் இழந்தால் தாங்கக் கூடிய பணத்தை மட்டும் செலவிடுங்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து அனுப்பிய பிள்ளை மைதானத்தில் பந்தை மட்டும் எதிர்கொள்வதில்லை, வட்டியையும் எதிர்கொள்கிறான். தோற்றால் அம்மாவின் வளையல் திரும்பாது என்று தெரிந்த பிள்ளைக்குக் கை நடுங்காமல் எப்படி இருக்கும்? தோல்வியைக் கற்றுக்கொள்வதற்காக ஏற்பட்ட இடம் விளையாட்டு மைதானம். அங்கே தோற்கவே கூடாது என்ற நிலைமையை உண்டாக்கி விட்டால் அவன் எதைக் கற்பான்?

நான்காவது, மிகவும் முக்கியமானது. "போதும்" என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். சில வீடுகளில் ஆசை ஆரம்பத்தில் பிள்ளையுடையதாக இருக்கும். நாளடைவில் தகப்பனாருடையதாகி விடும். பிள்ளைக்கு அலுத்துப் போயிருக்கும். சொல்லப் பயந்து தினமும் விடியற்காலையில் மட்டையைத் தூக்கிக் கொண்டு போவான். "நீ நிறுத்தினாலும் உன்மேல் எங்களுக்கு உள்ள பிரியம் குறையாது" என்பதை ஒருமுறை வாய் விட்டுச் சொல்லி விடுங்கள். இதைக் கேட்ட பிள்ளைகளில் பலர் நிறுத்த மாட்டார்கள். பயமில்லாமல் இன்னும் நன்றாக ஆடுவார்கள். நிறுத்துகிறவர்களோ மனம் உடையாமல் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

இந்த நான்கும் பெண் குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெண்ணின் ஆசைக்குப் பல வீடுகளில் கணக்கே போடுவதில்லை. போடாமலே தள்ளி விடுகிறார்கள். 2025 நவம்பரில் நம் பெண்கள் கட்சி முதன் முதலாக ஒரு நாள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோது தேசமே கொண்டாடிற்று. கொண்டாடியவர்களில் எத்தனை பேர் தங்கள் பெண்ணை மாலையில் மைதானத்துக்கு அனுப்புகிறார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மிச்சமுள்ளவர்கள்

எப்படிக் கணக்குப் போட்டாலும் ஆசைப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நட்சத்திரமாகப் போவதில்லை. அவர்கள் ஆடிய வருஷங்கள் வீணா? விடியற்காலையில் எழுந்திருக்கும் பழக்கம், திடமான தேகம், நடுவரின் தீர்ப்பு தவறென்று தோன்றினாலும் தலை குனிந்து வெளியேறும் பொறுமை, தன்னைவிட நன்றாக ஆடியவனோடு கை குலுக்கும் மனது - இவை எந்த உத்தியோகத்துக்கும் உதவும். குடும்பம் நடத்துவதற்கு இன்னும் அதிகமாகவே உதவும். தேசத்துக்கு ஒரு தியான் சந்த், ஓர் உஷா வேண்டியதுதான். ஆனால் மாலை வேளையில் வேர்க்க விறுவிறுக்க ஆடி விட்டுப் பசியோடு வீடு திரும்பும் கோடிக்கணக்கான பிள்ளைகள் அதைவிட அதிகமாக வேண்டும். அவர்களிலிருந்துதான் அந்த ஒருவர் வர வேண்டியிருக்கிறது. எந்த வீட்டிலிருந்து வருவார் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பதிலைச் சொல்லும்போது சிரிக்காதீர்கள், சிலையும் எழுப்பாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே தேதியைப் போட்டு, "இந்த வருஷம் என்ன செய்வதாக இருக்கிறாய்? சொல், எழுதிக் கொள்ளலாம்" என்று கேளுங்கள்.